சூரிய மின்சாரமும் நமது முதலும்

கவலை கட்டி நீர் இறைத்த காலத்தை நம் மூத்த அங்கத்தினர் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். விடியுமுன் மாடுகளைப் பூட்டி வெயில் ஏறும் வரை இறைத்தாலும் அரை ஏக்கர் கடலை நனைவது அரிதாக இருந்தது. மாட்டுக்குத் தீனி வேண்டும். சாலும் வடமும் தேய்ந்தால் புதிதாக வாங்க வேண்டும். இறைப்பவனுக்குக் கூலி வேண்டும். பின்னர் ஆயில் என்ஜின் வந்தது. செலவு எண்ணெய்க் கடைக்குச் சென்றது. அதன் பின்னர் மின்சார மோட்டார் வந்தது. செலவு கண்ணுக்கு மறைந்தது. இப்பொழுது மோட்டாருக்கு மின்சாரம் தரச் சூரியன் வந்திருக்கிறது. ஆயினும், எதை மாற்றினாலும் செலவு என்பது ஒழிவதில்லை. அது இடம் மாறுகிறது. எங்கே மாறியது, யார் தலையில் ஏறியது, யார் கைக்கு இலாபம் போயிற்று என்பதை அறிந்துகொள்வது விவசாயிக்கும் நெசவாளிக்கும் அவசியம்.

"வயலுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது, தறிக்கும் இலவச யுனிட்டுகள் இருக்கின்றன. சூரிய மின்சாரத்துக்கு நாம் ஏன் பணம் போட வேண்டும்?" என்று அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் வந்த வழி

தமிழ்நாட்டில் பெரும் அளவில் மின்சாரம் உற்பத்தியானது முதலில் நீரிலிருந்துதான். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் தொடர்ந்தன. கோயம்புத்தூர்ப் பகுதியின் பஞ்சாலைகள் பெருகியதற்கும், அங்கே கிணற்றுப் பாசனம் வளர்ந்ததற்கும் பைக்காரா மின்சாரம் பெருந்துணையாயிற்று. நீர் போதாத நிலையில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், பின்னர் வடநாட்டுச் சுரங்கங்களிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியும் துணைக்கு வந்தன. நிலக்கரி மின்சாரத்தின் விலையில் கரியின் விலையும், அதை ஏற்றி இறக்கும் கூலியும் ஒவ்வொரு யுனிட்டிலும் அடங்கியிருக்கின்றன. கரி எரியும்போது எழும் புகையும் சாம்பலும் வேறு. அந்தப் புகையின் விளைவை எவரும் பில்லில் எழுதுவதில்லை. மழை தவறும் ஆண்டுகளிலும், அளவு மீறிக் கொட்டும் ஆண்டுகளிலும் நாம் அதைச் செலுத்துகிறோம்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனை 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் காற்றை வாரி வழங்கின. இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறனும் சூரிய நிலையங்களின் திறனும் தனித்தனியே பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. 2024 மே 2-ஆம் நாள் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியதை நோக்கினால் இதன் அளவு விளங்கும்.

சூரிய மின்சாரத்தின் விலை குறைந்த வேகம் வியப்புக்குரியது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய நிலையம் 2016-இல் அமைந்தது. அதன் மின்சாரத்தை யுனிட் 7 ரூபாய் 1 காசு விலையில் வாங்க மாநில மின்வாரியம் ஒப்பந்தம் செய்திருந்தது. 2017-இல் தமிழ்நாட்டில் நடந்த ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு என்ற அளவுக்குக் கூடச் சென்றது. உலகச் சந்தையில் தகடுகளின் விலை வீழ்ந்தது ஒரு காரணம். பெரிய நிலையங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது கதை அதில்தான் இருக்கிறது.

வெயிலுக்கு விலையில்லை, முதலுக்கு உண்டு

நிலக்கரி நிலையத்துக்கு நாள்தோறும் கரி வாங்க வேண்டும். சூரியத் தகட்டுக்கு நாள்தோறும் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தேவையான செலவு முழுவதையும் முதல் நாளிலேயே செய்துவிடுகிறோம். ஆகையால் சூரிய மின்சாரத்தின் விலை என்பது, போட்ட முதலும் அதற்குரிய வட்டியுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோவாட் தகடுகளை அமைக்க 5 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நம் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யுனிட் கிடைக்கும். ஆகப் பத்துக் கிலோவாட்டுக்கு 14,000 யுனிட். துடைப்பது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்போம்.

சொந்தப் பணமாக இருந்து, வட்டியைப் பாராமல் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 20,000 ரூபாய். பராமரிப்பையும் சேர்த்தால் யுனிட் 1 ரூபாய் 79 காசு ஆகிறது.

அதே 5 லட்சத்தை 7 சதவிகித வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 71,200 ரூபாய். அந்தப் பத்தாண்டுகளில் யுனிட்டின் அடக்கம் 5 ரூபாய் 44 காசு.

வட்டி 12 சதவிகிதமானால் தவணை ஏறக்குறைய 88,500 ரூபாய். யுனிட்டின் அடக்கம் 6 ரூபாய் 68 காசு.

தகடு ஒன்றே, வெயில் ஒன்றே, கூரையும் ஒன்றே. வட்டி மாத்திரம் வேறு. பத்தாண்டுகளில் இரண்டு கடன்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 1 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய். கடன் தீர்ந்த பின் எஞ்சும் பதினைந்து ஆண்டுகளில் யுனிட்டின் அடக்கம் நாற்பது காசைத் தாண்டாது. ஆகவே குறைந்த வட்டிக்குப் பணம் பெறக்கூடியவனும், பத்தாண்டு பொறுத்திருக்கக் கூடியவனுமே சூரிய மின்சாரத்தின் முழுப் பலனை அடைகிறான். கந்து வட்டிக்குக் கடன் வாங்கித் தகடு மாட்டுபவனுக்குச் சூரியன் உதவமாட்டான்.

காற்றாலைகளின் வரலாறு இதை மெய்ப்பிக்கிறது. 1990-களில் காற்றாலை நிறுவியவர்களுக்கு, அதன் மதிப்பு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை இருந்தது. ஓரிடத்தில் உற்பத்தி செய்த மின்சாரத்தை மற்றோரிடத்திலுள்ள தம் ஆலைக்குக் கொண்டு செல்லவும், காற்றுக் காலத்தில் மிகுந்ததை வாரியத்தின் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் வசதி அளிக்கப்பட்டது. பஞ்சாலைகள் இவற்றை நன்கு பயன்படுத்திக்கொண்டன. அது குற்றமன்று, முன்யோசனையே. ஆனால் வருமான வரியே கட்டாத நெசவாளிக்குத் தேய்மானச் சலுகையால் என்ன பயன்? நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவு மின்சாரம். அதில் மிச்சப்பட்ட பணம் நூல் விலையில் நமக்குக் குறைந்ததா என்பதை நூல் வாங்கும் ஒவ்வொரு சங்கமும் தன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கைத்தறிக்காரன் மின்சாரமே உபயோகிக்காதவன் என்று நினைப்பது தவறு. அவன் வாங்கும் ஒவ்வொரு கட்டு நூலிலும் மின்சாரத்தின் விலை இருக்கிறது.

இலவசத்தின் கணக்கு

1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. 2003-இல் அது நிறுத்தப்பட்டு 2004-இல் மீண்டும் அளிக்கப்பட்டது. இன்று இருபத்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. கைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 100 யுனிட், விசைத்தறிக்கு 500 யுனிட் என்று 2006-இல் தொடங்கிய சலுகை, 2016-இல் 200, 750 என்று உயர்ந்து, 2023-இல் 300, 1,000 என்று ஆயிற்று.

இச்சலுகைகளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டையில் பூவும் வாழையும் விளைவதற்கு இவை பேருதவி செய்தன. ஆனால் இலவசம் என்பது விலையில்லாதது என்று பொருள்படாது. அந்த மின்சாரத்தை வாரியம் விலைக்கு வாங்குகிறது, அல்லது செலவிட்டு உற்பத்தி செய்கிறது. அரசாங்கம் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாயை வாரியத்துக்கு மானியமாகச் செலுத்துகிறது. அப்படியும் வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 முதல் மற்றவர்களுக்குரிய கட்டணம் ஆண்டுதோறும் ஏறி வந்திருக்கிறது. 1,000 யுனிட்டுக்கு மேல் செலவாகும் விசைத்தறிக்காரர்கள் அந்த ஏற்றத்தின் சுமையை அறிவார்கள்.

இனி ஓர் உண்மையை ஒளிக்காமல் கூற வேண்டும். 300 யுனிட்டுக்குள் அடங்கும் கைத்தறிக் குடும்பம் சொந்தப் பணத்தில் கூரையில் தகடு மாட்டினால் மிச்சமாவது அநேகமாக ஒன்றுமில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய சர்க்காரின் வீட்டுக் கூரைத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக அதிக அளவாக 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. பெரிய பில் கட்டும் வீடுகளுக்கு இது மிகவும் ஏற்றது. பில்லே இல்லாத வீட்டுக்கு மானியம் கிடைக்கிறது என்பதற்காக மாத்திரம் கடன் வாங்க வேண்டாம்.

விசைத்தறிக்காரரின் கணக்கு வேறு. ஒரு குதிரைசக்தி மோட்டார் நாளுக்குப் பத்து மணி, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் ஓடினால் இரு மாதங்களில் ஏறத்தாழ 375 யுனிட் செலவாகும். நான்கு தறிகளுக்கு 1,500 யுனிட். இலவசம் போக 500 யுனிட்டுக்குப் பில் வரும். தறி ஓடுவது பெரும்பாலும் பகலில். வெயிலும் பகலில். இவருக்கு இரண்டு கிலோவாட் தகடு மிச்சம் தரக்கூடும். ஆனால் முறையான மீட்டர் ஏற்பாட்டையும் கட்டணங்களையும் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பணம் போட வேண்டும்.

ஆகவே இன்றைய நிலையில் சலுகை ஒரு பக்கம், முதலீட்டின் இலாபம் மறுபக்கம் என்று பிரிந்து நிற்கிறது. நமக்குச் சலுகை, முதல் உள்ளவர்களுக்கு இலாபம். சலுகை சர்க்காரின் கையில் இருக்கிறது. ஒருமுறை நிறுத்தப்பட்டதையும் கண்டோம். சொந்தமான தகடோ இருபத்தைந்து ஆண்டு நம்முடையது. சலுகையாகச் செலவழியும் பணத்தில் ஒரு பகுதியையாவது விவசாயிக்கும் நெசவாளிக்கும் சொந்தமான முதலாக மாற்றித் தருவதே நல்ல கொள்கை என்று நாம் கருதுகிறோம்.

ஆழம் கூடினால் செலவு கூடும்

புதுக்கோட்டைக்கு இதில் தனியான ஒரு பிரச்சினை உண்டு. வற்றாத ஆறு நமக்கில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கங்களுக்கு எட்டுகிறது. மற்றப் பகுதிகள் கண்மாய், குளம், கிணறு இவற்றையே நம்பியிருக்கின்றன. முன்னோர் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டி, குமிழித் தூம்பு வைத்து, நீரை அளந்து விட்டார்கள். அளந்து விட்ட காலம் போய் ஆழ்துளை இட்ட காலம் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் நீரைத் தேடிப் பல நூறு அடி இறங்குகிறார்கள்.

நீரை உயர்த்துவதற்கு வேண்டிய மின்சாரம் ஆழத்துக்கு ஏற்ப ஏறும். மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்து, செலவிடும் சக்தியில் நூற்றுக்கு நாற்பது பங்கைப் பயனாக்குகின்றன என்று கொள்வோம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் நீர் நிறுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். நூறு அடி ஆழத்திலிருந்து அதை எடுக்க 21 யுனிட் ஆகும். முந்நூறு அடியிலிருந்து 64 யுனிட். அறுநூறு அடியிலிருந்து 128 யுனிட். விளைச்சல் அதேதான், நனைந்த நிலமும் அதேதான். நீர்மட்டம் நூறு அடி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதே பயிருக்கு இருபத்தொரு யுனிட் கூடுதலாகச் செலுத்துகிறோம். இலவசமாதலால் இது நம் கண்ணில் படவில்லை. ஆனால் ஆழமான துளைக்கும் பெரிய மோட்டாருக்கும் கொடுக்கும் பணம் நம் பையிலிருந்துதான் போகிறது. அந்தப் பணம் இல்லாத சிறு விவசாயியின் கிணறே முதலில் வற்றுகிறது.

இங்கே தனித்து இயங்கும் சூரியப் பம்புசெட்டைக் கொண்டு வந்து வைத்தால் என்ன ஆகும்? 2019-இல் தொடங்கிய மத்திய சர்க்கார்த் திட்டத்தின்கீழ், மாநில வேளாண்மைப் பொறியியல் துறையின் மூலம் இவற்றுக்கு 60 சதவிகித மானியமும், ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு விவசாயிகளுக்கு அதற்கு மேலும் வழங்கப்பட்டது. மின்இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கும், டீசல் என்ஜினை நம்பியிருப்பவர்களுக்கும் இது பெரும் வரப்பிரசாதமே. இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சி நீர் பாய்ச்ச வேண்டியதில்லை என்பது சிறிய நன்மையன்று. ஆனால் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, வெயில் உள்ள வரை நிறுத்தாமல் இறைக்கும் ஆசை பிறக்கும். நிறுத்தினால் யாருக்கும் ஆதாயமில்லை. இரண்டாவது, பாசனம் தேவைப்படாத நாட்களில் தகடு சும்மா வெயில் காயும். ஏழு கிலோவாட் தகடு ஆண்டுக்குப் பத்தாயிரம் யுனிட் வரை தரவல்லது. பம்பு பாதி நாட்களே ஓடினால் ஐயாயிரம் யுனிட் வீணாகிறது. யுனிட் 3 ரூபாய் என்றாலும் அது ஆண்டுக்கு 15,000 ரூபாய்.

டுண்டி கிராமத்தார் கண்ட வழி

இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே பரிகாரத்தைக் குஜராத்தில் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த டுண்டி கிராமத்தில் 2016-இல் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு விவசாயிகள் கூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதுவரை அவர்கள் டீசல் என்ஜினில் இறைத்து வந்தவர்கள். சர்வதேச நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் உதவியுடன் தங்கள் வயல்களில் சூரியப் பம்புகளை அமைத்து, அவற்றை ஒன்றிணைத்து, மின்வாரியக் கம்பியோடு இணைத்தனர். பாசனத்துக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தைச் சங்கம் யுனிட் 4 ரூபாய் 63 காசு விலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மின் கம்பெனிக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. நீரைச் சேமிப்பதற்காக ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கு மேல் ஊக்கத்தொகையும் அளித்தனர்.

இதன் தந்திரம் எளிது. மின்சாரத்தை விற்க முடியும் என்றவுடன் ஒவ்வொரு யுனிட்டுக்கும் ஒரு விலை பிறந்துவிடுகிறது. அவசியமில்லாமல் ஒரு மணி நேரம் பம்பை ஓட்டினால் அத்தனை காசு நஷ்டம் என்று விவசாயியே கணக்குப் பார்க்கிறான். பயிருக்கு வேண்டிய நீரை எடுக்க எவரும் தடை சொல்லவில்லை. வேண்டாத நீர் தானே பூமியில் தங்குகிறது. சட்டம் போட்டு நீரைக் காப்பது கடினம். சொந்த இலாபத்தின் மூலம் காப்பது எளிது.

அங்கே விவசாயிகள் டீசலுக்குப் பணம் கொடுத்துவந்தார்கள். இங்கே மின்சாரம் இலவசம். ஆகவே அதே முறையை அப்படியே கொண்டுவருவதில் பயனில்லை. இலவச இணைப்பைப் பறிக்காமல், அதற்காகும் மானியத்தை மனத்தில் வைத்து, மிச்சப்படுத்தும் விவசாயிக்கு நியாயமான விலை தருவது நம் நாட்டுக்கு ஏற்ற வடிவமாகும். விலை மிகவும் குறைவாக வைத்தால் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

கஜாப் புயல் கற்பித்தது

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் வீசியபோது நம் மாவட்டத்துத் தென்னைகளும் பலா மரங்களும் சாய்ந்ததை மறக்க முடியாது. புயல் கடந்த மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சம் அளவில் இருந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டரை ஊர் ஊராக இழுத்துச் சென்று குடிநீர்த் தொட்டியை நிரப்பினார்கள்.

"சூரியத் தகடு இருந்திருந்தால் இந்தத் துன்பம் இல்லை" என்று சிலர் கூறுவதுண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரணச் சூரிய அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். புயல் காலத்தில் பயன்பட வேண்டுமானால் மின்கலமும், தனித்து இயங்கும் ஏற்பாடும் வேண்டும். எல்லா வீட்டுக்கும் இது செலவாகும். ஊரின் குடிநீர்ப் பம்பு, பால் சங்கத்தின் குளிர்பதனத் தொட்டி, கூட்டுறவுச் சங்கக் கட்டிடம் ஆகிய மூன்றுக்கு மட்டும் அமைத்தால் ஊருக்கே உதவும். வாங்கும் முன் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

வெயில் மறைந்த பின் என்ன செய்வது என்பதும் பெரிய கேள்வியே. மாலையில் விளக்கும் மின்விசிறியும் ஒருங்கே ஓடும் நேரத்தில்தான் மின்சாரம் அரிதாகிறது. பகலில் மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனில் 1987 முதல் உள்ளது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டில் மற்றொன்று மேற்கொள்ளப்பட்டது. இத்தகைய சேமிப்புக்கும் செலவுண்டு. ஏலத்தில் சொல்லும் பகல் விலையை மட்டும் பார்த்து மின்சாரம் மலிந்துவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். ஆனால் இவ்விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள். உழவும் நெசவும் பகல் தொழில்கள். நண்பகலில் இறைத்த நீர் வயலிலும் தொட்டியிலும் தங்குகிறது. நண்பகலில் நெய்த துணி தறியில் சுருண்டிருக்கிறது. வெயிலோடு ஒத்துப்போகும் தொழிலுக்கு மின்கலச் செலவு குறைவு. பகல் மின்சாரம் மலிவாகும் காலத்தில் அதை அதிகம் பயன்படுத்தும் நமக்கு அந்த மலிவு கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.

சங்கம் செய்யக்கூடியது

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து 40 லட்சம் போட்டு, மீதியை வங்கியில் கடன் வாங்கியது. தெருவிளக்கும் குடிநீரும் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனைத் தீர்த்தது. பஞ்சாலை முதலாளி செய்ததையே ஒரு கிராமம் செய்து காட்டியது. வித்தியாசம், இலாபம் ஊர்ப் பொதுவில் சேர்ந்தது என்பதே.

2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள நிலையங்களை விவசாயிகள் மட்டுமன்றிக் கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் அமைக்க இடமளித்திருந்தார்கள். அதன் காலம் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. அடுத்த திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் கணக்குப் போடத் தெரிந்திருப்பது நல்லது. 500 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி ரூபாய் என்றும், 7 லட்சம் யுனிட் விளைந்து, யுனிட் 3 ரூபாய்க்கு விற்கும் என்றும் கொண்டால் ஆண்டு வரவு 21 லட்சம். பங்குத்தொகையும் மானியமும் போக 1 கோடியே 40 லட்சத்தைப் பதினைந்து ஆண்டுக் கடனாக 9 சதவிகிதத்தில் வாங்கினால் தவணை ஆண்டுக்கு 17 லட்சத்து 37 ஆயிரம். காவலும் பராமரிப்பும் போக மிஞ்சுவது சொற்பம். வட்டி 6 சதவிகிதமானால் தவணை 14 லட்சத்து 42 ஆயிரமாகக் குறைந்து, அங்கத்தினருக்குப் பங்காதாயம் தரும் நிலை உண்டாகும். 2020-இல் அமைக்கப்பட்ட வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையுள்ள கடனுக்கு 3 சதவிகித வட்டித் தள்ளுபடி ஏழாண்டுகளுக்கு அளிக்கப்படுவது இதனால்தான் முக்கியமானது.

இதில் உள்ள அபாயங்களையும் சொல்லிவிட வேண்டும். காற்றாலைக்காரர்களுக்கு வாரியம் தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலம் உண்டு. பெரிய ஆலை அதைத் தாங்கும். சிறு சங்கம் தாங்காது. ஆறு மாதத் தவணைக்காவது கையிருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது. விளைநிலத்தைத் தகட்டுக்குக் கொடுக்காமல், சுக்கான் பாறையும் கட்டாந்தரையுமான இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்மாய் நீர்வரத்தை மறிக்கும் எந்த இடமும் ஆகாது. விற்பவர் சொல்லும் உற்பத்தி அளவை நம்பாமல், அருகில் ஏற்கெனவே ஓடும் நிலையத்தின் ஓராண்டு மீட்டர்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கைகூடும் வரை ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடிய சிறு காரியங்கள் உள்ளன. அங்கத்தினர் கிணறுகளின் ஆழத்தையும் மோட்டார் சக்தியையும் ஒரு புத்தகத்தில் பதியலாம். தேய்ந்த பம்பை மாற்றுவதற்கு முதற்கடன் தரலாம். இறைக்காத யுனிட்டைவிட மலிவான யுனிட் எந்த நிலையத்திலும் உற்பத்தியாவதில்லை. கண்மாயைத் தூர்வாருவது அனைத்திலும் மேலான மின்சாரச் சிக்கனம். கஜாவுக்குப் பின் 2019-இல் கொத்தமங்கலத்து இளைஞர்கள் தங்கள் ஊர் நீர்நிலைகளைத் தாங்களே தூர்வார முற்பட்டார்கள். நீர்மட்டம் நூறு அடி ஏறினால் ஏக்கருக்கு அங்குலத்துக்கு இருபத்தொரு யுனிட் மிச்சம் என்ற மேற்கண்ட கணக்கை அதனோடு பொருத்திப் பாருங்கள்.

நம் மாவட்டத்து நெடுவாசலில் 2017-இல் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் பல நாட்கள் அமர்ந்திருந்தார்கள். 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஆகிய ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்த்தது. எது வேண்டாம் என்று சொல்லும் உறுதி நம் மக்களுக்கு உண்டு என்பது அப்போது தெரிந்தது. இனி எது வேண்டும் என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்திருக்கிறது.

வேண்டியவை மூன்றே. விவசாயிக்கும் நெசவாளிக்கும் குறைந்த வட்டியில் முதல். மிச்சப்படுத்திய மின்சாரத்துக்கு நியாயமான விலை. விற்ற பணம் காலத்தில் கைக்கு வரும் உறுதி. இவற்றைத் தனி ஒருவர் கேட்டால் மனுவாக இருக்கும். சங்கம் கேட்டால் கோரிக்கையாகும். வரும் பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் கிணறு, தறி, கூரை, தரிசு நிலம் இவற்றின் கணக்கை எடுத்துவைத்து இப்பொருளை விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வெயில் நம் ஊரில் ஏராளம். அதை விளைவிக்கும் தகடு யாருடையது என்பதை நாம் இப்போதே முடிவு செய்யாவிட்டால், வேறொருவர் முடிவு செய்துவிடுவார்.